ஒட்டியாணத்துக்கு அடியில்

அத்தை,

இன்று காலை வேலைக்குக் கிளம்பும் முன் பம்புக்குப் புது செட் மாற்றினேன். குழாயில் காற்றில்லாமல் இன்சுலின் ஓடுகிறதா என்று நுனியைத் தூக்கிப் பார்த்தபோது ஒரு சொட்டு விரலில் விழுந்தது. பினாயில் ஊற்றித் துடைத்த ஆஸ்பத்திரித் தரையின் நெடி அடித்தது. அந்த நெடி வந்தால் போதும், பெரம்பலூர் மண்டபத்து மணமகள் அறை வந்துவிடும். மாம்பழ நிறப் பட்டு வந்துவிடும். என் இடுப்பைச் சுற்றி உங்கள் இரண்டு கைகளும் வந்துவிடும். பல்லைக் கடித்துக்கொண்டு செட்டை ஒட்டினேன். நீங்கள் போய்ச் சேர்ந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை. என் கோபம் மட்டும் எங்கும் போகவில்லை.

பம்ப் என்றால் என்னவென்று உங்களுக்குத் தெரியும். இருந்தாலும் சொல்கிறேன், ஏனென்றால் தெரிந்ததைத் தெரியாததுபோல வைத்துக்கொள்வதில் உங்களை மிஞ்ச ஆள் கிடையாது. சின்ன செல்போன் அளவில் ஒரு கருவி. அதற்குள் இன்சுலின். அதிலிருந்து நூல்போல ஒரு குழாய் கிளம்பி வயிற்றில் ஒட்டிய பிளாஸ்திரியில் போய் முடியும். அந்தப் பிளாஸ்திரிக்கு அடியில், தோலுக்குள், இன்னும் மெல்லிய ஒரு குழல். குழாயும் பிளாஸ்திரியும் குழலும் சேர்ந்ததுதான் செட். இரண்டு மூன்று நாளைக்கு ஒருமுறை அதைக் கழற்றிப் போட்டுவிட்டு வேறிடத்தில் குத்திக்கொள்ள வேண்டும். என் உடம்பு சுரக்க மறந்த இன்சுலினை அது நாள் முழுக்கச் சொட்டுச் சொட்டாக உள்ளே விட்டுக்கொண்டிருக்கும். குழல் நசுங்கி மருந்து நின்றுபோனால் சில மணி நேரத்தில் இரத்தம் கெட்டு உயிருக்கே ஆபத்தாகிவிடும். பம்ப் போட்ட பிறகு ஒருமுறை திருச்சி டாக்டர் இதைச் சொன்னபோது பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து ‘ம்’ கொட்டியது நீங்கள்தான்.

உங்களிடம் நல்லதே இல்லையா என்று கேட்டால், இருந்தது. எனக்கு எரிச்சலே அதுதான். அம்மா இறந்த பிறகு எனக்குத் தலை பின்னிவிட்டது நீங்கள். எட்டாம் வகுப்பில் நான் எலும்பும் தோலுமாக, குடம் குடமாகத் தண்ணீர் குடித்துக்கொண்டு கிடந்தபோது, ‘வளர்ற பிள்ளை அப்படித்தான்’ என்று அப்பா சும்மா இருந்துவிட்டார். நீங்கள்தான் பெரம்பலூரிலிருந்து வந்து, அவரைக் கிழித்துத் தோரணம் கட்டிவிட்டு, ஆண்டிமடத்தில் பஸ் ஏற்றி என்னைத் திருச்சி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனீர்கள். சர்க்கரை என்றார்கள். ஊசி போட்டுக்கொள்ளப் பயந்து நான் அழுதபோது உங்கள் கையை நீட்டினீர்கள். “வெறும் ஊசியை மொதல்ல எனக்குக் குத்துடி. நான் கத்தலைன்னா நீயும் கத்தக் கூடாது.” குத்தினேன். நீங்கள் கத்தவில்லை. அந்தக் கையை நினைத்துக்கொண்டுதான் அதன்பிறகு நீங்கள் சொன்னதையெல்லாம் நம்பினேன்.

நீங்கள் சொன்னதில் முக்கியமானது ஒன்றே ஒன்று: “நம்ம வூட்டு விஷயம் நம்ம வாசப்படி தாண்டக் கூடாது.” சர்க்கரை இருப்பதை யாரிடமும் சொல்லாதே என்பதற்கு அது சுருக்கம். பள்ளிக்கூடச் சுற்றுலாவில் ஊசியைக் கக்கூசில் போட்டுக்கொண்டேன். சொந்தக்காரர் கல்யாணங்களில் பாயசத்தை வாங்கி உங்கள் இலைக்குத் தள்ளினேன், நீங்கள் யாரும் பார்ப்பதற்குள் குடித்தீர்கள். நான் படித்து, அரியலூர் பக்கம் ஒரு சிமெண்ட் ஆலையின் லேபில் வேலைக்குச் சேர்ந்து, பம்ப் வாங்கிக்கொண்டு வந்து காட்டினேன். “இதென்னடி, தொப்புள்கொடியோட அலையுற?” என்று சிரித்தீர்கள். நானும் விழுந்து விழுந்து சிரித்தேன். பம்ப் அவ்வப்போது கூவும்போது நான் எந்தப் பொத்தானை அமுக்கி அமர்த்துகிறேன் என்பதையும் பார்த்து வைத்துக்கொண்டீர்கள்.

துறையூர்ப் பக்கத்து மாப்பிள்ளை நீங்கள் கொண்டுவந்த சம்பந்தம். அவர்கள் வீட்டில் சர்க்கரையைப் பற்றிச் சொல்லியாகிவிட்டதா என்று கேட்டேன். “எல்லாம் சொல்லியாச்சு. தங்கமான மனுஷங்க, ஒண்ணும் பெருசா எடுத்துக்கலை” என்றீர்கள். எவ்வளவு சுலபமாக வந்தது அந்த வார்த்தை! அன்றைக்கு நான் சந்தோஷத்தில் உங்களைக் கட்டிக்கொண்டேன். என்னை வேண்டுமென்று ஒரு வீட்டார் தெரிந்தே கேட்டிருக்கிறார்கள் என்று ஆலையில் எல்லோருக்கும் இனிப்பு வாங்கிக் கொடுத்தேன். நீங்கள் அவர்களிடம் மூச்சுகூட விடவில்லை என்பது பின்னால்தான் தெரிந்தது.

நிச்சயதார்த்தத்தன்று விடிவதற்குள் அலங்காரம் முடிந்துவிட்டது. கடைசியாக உங்கள் ஒட்டியாணத்தை எடுத்து வந்தீர்கள். உங்கள் கல்யாணத்துக்கு உங்கள் மாமியார் போட்டது, கெட்டி உருப்படி. அதை இடுப்பில் வைத்துப் பார்த்ததுமே எனக்குப் பக்கென்றது. அதன் நடுப்பட்டை நேராகச் செட்டின் மேல் உட்கார்ந்தது.

“அத்தை, குழல் நசுங்கிடும். பையில வேற செட்டு இருக்கு. அஞ்சு நிமிஷம் குடுங்க, தொடைக்கு மாத்திக்கறேன்.”

“புடவைய அவுத்து மறுபடியும் கட்டவா? நல்ல நேரம் போயிடும்டி.”

“அப்ப ஒட்டியாணம் வேணாம்.”

“மூளி இடுப்போட நிக்கப் போறியா சபையில? அந்த டப்பா வேற துருத்திட்டுத் தெரியுது. செத்த நேரம் பொறுத்துக்க, தட்டு மாத்துனதும் நானே கழட்டிடறேன்.”

சொல்லிக்கொண்டே கொக்கியை இன்னும் ஒரு கண்ணி தள்ளி மாட்டினீர்கள். நான் ‘அம்மா’ என்றேன். வலித்ததால் சொன்னேன். நீங்கள் என் கன்னத்தைத் தட்டிவிட்டு வெளியே போய் விருந்தாளிகளை வரவேற்றீர்கள்.

தட்டு மாற்ற மதியம் ஆகிவிட்டது. மாப்பிள்ளையின் தாய்மாமா வந்து சேரவில்லை, அவர் வராமல் தட்டைத் தொடக் கூடாது என்றார்கள். எனக்கு நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. இடுப்பில் பம்ப் அதிர்ந்து கூவியது. அடைப்பு. பக்கத்தில் உட்கார்ந்திருந்த நீங்கள் முந்தானைக்குள் கைவிட்டு அமர்த்தினீர்கள். “போன் அடிக்குதா?” என்று மாப்பிள்ளையின் அம்மா கேட்டார். “ஆபீஸ்ல இருந்துங்க. இன்னைக்குக்கூட விட மாட்டேங்கறாங்க” என்று சிரித்தீர்கள். மறுபடியும் கூவியது. மறுபடியும் அமர்த்தினீர்கள். “அத்தை, நான் உள்ள போகணும்” என்றேன். என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு, உதடு அசையாமல், “தட்டு மாத்தற வரைக்கும் அசையாத” என்றீர்கள். உங்கள் நகம் பதிந்தது இன்னும் தெரிகிறது எனக்கு.

கடைசியில் தட்டு வந்தபோது அந்தத் தட்டின் மேலேயே வாந்தி எடுத்தேன். வெற்றிலை, பழம், புடவை எல்லாவற்றின் மேலும். நாதஸ்வரம் நின்றுபோனது. “பித்தம், ஒண்ணுமில்ல” என்று நீங்கள் எலுமிச்சம்பழம் பிழிந்து சர்க்கரை போட்டு என் வாயில் ஊற்றினீர்கள். சர்க்கரை, அத்தை. அதையும் கக்கினேன். அறைக்குள் படுக்க வைத்தார்கள். மூச்சு இரைத்தது. கண் சொருகும்போது மாப்பிள்ளையின் அம்மா உங்களைக் கேட்டது காதில் விழுந்தது.

“பிள்ளைக்கு என்னங்க? எத்தனை நாளா இந்த வாந்தி?”

நீங்கள் கொஞ்சம் தாமதித்தீர்கள். அந்தத் தாமதத்தில் என் ஆயுசே தொங்கிக்கொண்டிருந்தது. ‘சர்க்கரைங்க’ என்று ஒரு சொல் போதும். நீங்கள் சொன்னீர்கள்: “எனக்கு என்னங்க தெரியும்? வெளியூர்ல தங்கி வேலைக்குப் போற பிள்ளை. நாம கூடவேவா இருக்கோம்?”

அதற்குமேல் எனக்கு நினைவில்லை. திருச்சி ஆஸ்பத்திரியில் நர்ஸ் புடவையைத் தளர்த்தியபோது ஒட்டியாணம் இன்னும் இடுப்பில் இருந்ததாம். செட் இருந்த இடம் கன்றிப்போயிருந்ததாம். குழல் மடிந்து, உள்ளே போக வேண்டிய மருந்து பட்டில் ஊறி நாறியதாம். “யாருங்க இவ்ளோ இறுக்கமாக் கட்டுனது?” என்று அந்தப் பெண் கேட்டதற்கு அப்பா வாயைத் திறக்கவில்லை. அவருக்கு நீங்கள் அக்கா. அக்கா செய்ததில் தப்பு என்று அவர் அதுவரை எதையுமே சொன்னதில்லை.

நான் பிழைத்து வீடு வருவதற்குள் சம்பந்தம் முறிந்திருந்தது, கதையும் எனக்கு முன்னால் வந்து உட்கார்ந்திருந்தது. வயிற்றில் இருந்ததைத் திருச்சியில் போய்ச் சுத்தம் பண்ணிக்கொண்டு வந்துவிட்டாளாம். ஆண்டிமடம் டீக்கடையில் அப்பாவைக் கண்டதும் பேச்சை நிறுத்தினார்களாம், அதன்பிறகு அவர் அங்கே டீ குடிக்கவில்லை. நான் வாய் கிழியச் சொன்னேன். பம்பை எடுத்துக் காட்டினேன், டாக்டர் சீட்டைக் காட்டினேன். எல்லோரும் கேட்டது ஒன்றுதான். “சுகர்னா உங்க அத்தை அன்னைக்கே சொல்லியிருக்கும்ல?” எனக்கு இருந்த ஒரே சாட்சி நீங்கள். மண்டபத்தில் கேள்வி கேட்டதும் உங்களைத்தான்.

அதனால்தான் உங்கள் வீட்டுக்கு வந்தேன். சமையலறையில் சின்ன வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தீர்கள். சண்டை போடுவீர்கள், அழுவீர்கள் என்று எதிர்பார்த்தேன். நீங்கள் கத்தியைக்கூடக் கீழே வைக்கவில்லை.

“சுகர்னு சொன்னா பரம்பரையில இருக்குன்னு ஆயிடும். மலரையும் சேர்த்து ஒதுக்கிடுவாங்க. மத்ததுன்னா உன்னோட போயிடும். உனக்குத்தான் வேலை இருக்கே, நீ பொழைச்சுக்குவ.”

உங்கள் ஒரே மகள் மலரை அடுத்த ஆனியில் பெரம்பலூரிலேயே பெரிய இடத்தில் கொடுத்தீர்கள். பத்திரிகை வைக்க வந்தபோது அப்பாவைத் தனியாகக் கூப்பிட்டு, “அவளை மட்டும் கூட்டிட்டு வராத, பேச்சு வரும்” என்றீர்கள். நான் கதவுக்குப் பின்னால் நின்றிருந்தேன். உங்களுக்கும் அது தெரியும். கல்யாணத்தன்று நான் ஆலையில் இரண்டு ஆள் வேலையைப் பார்த்தேன், சுண்ணாம்புக்கல் மாதிரிகளை இடித்துப் பொடியாக்கிக்கொண்டே இருந்தேன்.

அதன்பிறகு நான் உங்களை விடவில்லை. ஒப்புக்கொள்ளுங்கள், நன்றாகத்தான் படுத்தினேன். காதுகுத்து, கிரகப்பிரவேசம், எதுவானாலும் பம்பைப் புடவைக்கு மேல், எல்லோர் கண்ணிலும் படும்படி மாட்டிக்கொண்டு வந்தேன். பந்தியில் உங்களுக்கு எதிர் இலையில் உட்கார்ந்தேன். சாப்பிடுமுன் பொத்தானை அமுக்கி மருந்து ஏற்றும்போது உங்கள் முகத்தைத்தான் பார்ப்பேன். நீங்கள் அப்பளத்தைப் பார்ப்பீர்கள். பக்கத்து இலைக்காரர்கள் என்னவென்று கேட்டால், விளக்கமாக, சத்தமாகச் சொல்வேன். கொஞ்சம் பேர் நம்பினார்கள். வயதான பெண்கள் தலையை ஆட்டிவிட்டு, ‘அது சரி, ஆனா அன்னைக்கு அந்த அத்தைக்காரியே...’ என்று இழுப்பார்கள்.

பிறகு உங்களுக்கே சர்க்கரை வந்தது. காலில் புண் வந்தது. கேட்டவர்களிடமெல்லாம் கல் குத்திவிட்டது என்றீர்கள். நான் வந்து உங்கள் விரலில் குத்திப் பார்த்துவிட்டு, தெருவுக்கே கேட்கும்படி, “முன்னூறைத் தாண்டிருச்சு அத்தை!” என்று கத்துவேன். “மெதுவாத்தான் சொல்லேன்டி” என்று கெஞ்சுவீர்கள். அந்தக் கெஞ்சல் எனக்கு வெல்லம்போல இனித்தது. ஒவ்வொரு முறையும் கேட்டேன்: “நாலு பேர் இருக்கும்போது ஒரே ஒரு தடவை சொல்லிடுங்க அத்தை, அன்னைக்கு என்ன நடந்துச்சுன்னு.” ஒவ்வொரு முறையும், “நீ சாப்டியா?” என்று கேட்டீர்கள். புண் காலோடு நிற்கவில்லை. மறைத்தது உங்களையே தின்றுவிட்டது என்று ஊரில் யாராவது நீதி சொல்லலாம். எனக்கு அந்த நீதியால் எந்தப் பிரயோஜனமும் இல்லை. உங்கள் வாயிலிருந்து ஒரு வரி வேண்டும் என்றுதான் காத்துக்கிடந்தேன். அதைக் கொடுக்காமலே தப்பித்துவிட்டீர்கள்.

உங்கள் படத்திறப்பு நன்றாக நடந்தது. படத்துக்கு ரோஜா மாலை, வெள்ளைத் துணியை மாமா விலக்கினார். பேசியவர்கள் எல்லோரும் உங்களைத் தெய்வமாக்கினார்கள். எத்தனை கல்யாணம் முடித்து வைத்த கை என்று ஒருவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். பிறந்த வீட்டுச் சார்பில் யாராவது பேச வேண்டும் என்று மைக்கை நீட்டினார்கள். அப்பா என் பக்கம் திரும்பி, “என்னால முடியாதும்மா, நீ பேசு” என்றார். அவர் தெரிந்தேதான் சொன்னாரோ என்று இன்றுவரை சந்தேகம்.

நான் போய் உங்கள் படத்துக்குப் பக்கத்தில் நின்றேன். பம்பை இடுப்பிலிருந்து எடுத்துத் தூக்கிக் காட்டினேன்.

“எனக்குச் சின்ன வயசுல இருந்து சர்க்கரை. இது அதுக்கு மருந்து விடற மெஷினு. என் நிச்சயதார்த்தத்துல இது மேல ஒட்டியாணத்தக் கட்டுனது எங்க அத்தை. வேணாம்னு சொல்லியும் கட்டுனாங்க. மருந்து நின்னுதான் நான் வாந்தி எடுத்தேன். என் வயித்துல பிள்ளை இல்லை. அது எங்க அத்தைக்குத் தெரியும். தெரிஞ்சே சொல்லலை.”

மாமா தலையைக் குனிந்துகொண்டார். முன்வரிசையிலிருந்து ஒரு பெரியவர் எழுந்தார். “ஏம்மா, இதப் பேசற எடமா இது?”

“அன்னைக்கு அந்த மண்டபத்துலயே பேசியிருக்கணுங்க. அப்ப எனக்கு நெனைவில்லை.”

ஏன் மறைத்தீர்கள் என்ற காரணத்தை மட்டும் சொல்லவில்லை. மலர் தன் மாமியாருக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். நாக்கு நுனிவரை வந்ததை விழுங்கிக்கொண்டு மைக்கைக் கொடுத்தேன். பந்தியில் என் பக்கத்தில் யாரும் உட்காரவில்லை. நான் மருந்து ஏற்றிக்கொண்டு வயிறாரச் சாப்பிட்டேன். அவ்வளவு ருசியான சாப்பாட்டை நான் சாப்பிட்டே வெகுநாளாயிற்று, அத்தை. வத்தக்குழம்பு இரண்டாம் முறை கேட்டு வாங்கினேன்.

கை கழுவும்போது மலர் வந்து நின்றாள். அடிக்கப் போகிறாள் என்று நினைத்தேன். அடிக்கட்டும் என்றும் நினைத்தேன். அவள் குழாயைத் திறந்து தண்ணீரைச் சத்தமாக ஓடவிட்டாள்.

“அக்கா, அது குத்தும்போது வலிக்குமா?”

“எது?”

“இடுப்புல இருக்கற அது.”

நான் அவளை நிமிர்ந்து பார்த்தேன். கழுத்தெலும்பு துருத்திக்கொண்டிருந்தது. துக்கத்தில் இளைத்திருக்கிறாள் என்று அதுவரை எண்ணியிருந்தேன்.

“என் பெரிய பொண்ணு வயித்துல இருந்தப்ப வந்துச்சுக்கா. அப்பறம் போகவே இல்லை. ஊசிதான். பாத்ரூம்ல சீயக்காய் டப்பாவுக்குள்ள வச்சிருக்கேன். வூட்டுல ஆளுங்க நெறைஞ்சிருந்தா அன்னைக்குப் போட முடியாது.”

“உன் புருஷனுக்கு?”

“தெரியாது. அம்மாவுக்கு மட்டுந்தான் தெரியும். அவங்கதான் ஊசி மருந்தெல்லாம் வாங்கி அனுப்புவாங்க. சொல்லிடாதன்னு சத்தியம் வாங்கியிருந்தாங்க.” தண்ணீர் ஓடிக்கொண்டே இருந்தது. “இப்ப அவங்களும் இல்லை. எனக்கு எதாச்சும் ஆனா, என்னன்னு சொல்லக்கூட ஆளில்லக்கா.”

உங்களைச் சபை நடுவில் தலைகுனிய வைத்துவிட்டதாக வயிறாரச் சாப்பிட்டுவிட்டு வந்து நிற்கிறேன். இங்கே நீங்கள் பெற்ற பெண், எவளைக் காப்பாற்ற என் பேரைக் கெடுத்தீர்களோ அவள், தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு உயிரைப் பிடித்துக்கொண்டிருக்கிறாள். எனக்குக் கட்டியது ஒரு நாள். அவளுக்குக் கட்டியதைக் கழற்றவே இல்லை நீங்கள். “வா, இப்பவே உன் மாமியார்கிட்ட சொல்லுவோம்” என்று கையைப் பிடித்தேன். உதறிக்கொண்டாள். என் போன் நம்பரை மட்டும் வாங்கிக்கொண்டாள். அதற்குப் பிறகு தினமும் பேசினோம். பெரும்பாலும் நான் திட்டுவேன், அவள் அழுவாள்.

நேற்று மதியம் லேபில் இருக்கும்போது அழைத்தாள். சொல்லிவிட்டாளாம். மேஜைமேல் ஊசியைக் கொண்டுபோய் வைத்துவிட்டு, இதுதான் எனக்கு என்றாளாம். கணவன் வெளியே போய்விட்டு வந்து, திருச்சியில் யாரைப் பார்ப்பது என்று கேட்டானாம். மாமியார் உங்களையும் நம் பரம்பரையையும் சேர்த்துப் பொரிந்து தள்ளினாராம், அதன்பிறகு அவளோடு பேச்சில்லை.

“மருந்தை எங்க வச்சிருக்க?” என்றேன்.

“ஃப்ரிட்ஜ் கதவுலக்கா. முட்டைக்குப் பக்கத்துல. தொறந்தா எல்லாருக்கும் தெரியும்.”

அதைக் கேட்டு லேப் மேஜையில் தலைவைத்து அழுதேன். ஆலைத் தூசி கண்ணில் விழுந்துவிட்டது என்று கூட இருந்தவர்களிடம் சொல்லவில்லை. என் அத்தை மகளுக்குச் சர்க்கரை, வீட்டில் சொல்லிவிட்டாள், அதனால் அழுகிறேன் என்றே சொன்னேன்.

இறந்தவர்களை மன்னித்துவிட வேண்டும் என்று அப்பா சொல்கிறார். தினமும் உங்கள் படத்தைப் பார்த்துக் கும்பிடுகிறார். நான் அந்தப் படத்தைத் தாண்டித்தான் வேலைக்குப் போகிறேன், நின்று பார்த்துவிட்டுத்தான் போகிறேன். இவ்வளவு நாளும் எனக்காக மட்டும் உங்கள்மேல் கோபமாக இருந்தேன் அத்தை. இனி மலருக்காகவும் சேர்த்து இருப்பேன்.